எந்தப் பக்கத்தில் விட்டீங்க

சரவணம்பட்டியில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அவளுக்கு அது பிடிக்காது. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வயதுதான். முதல் நாள் ‘ங்க’ போட்டுப் பேசிக்கொண்டதை இருவருமே கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து பெட்டியும் பையுமாக நான் வந்து சேர்ந்தபோது அவள் ஜன்னல் கம்பியில் துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தடித்த புத்தகத்தைத்தான் பார்த்தாள்.

“இதை எந்தப் பக்கத்துல விட்டீங்க?” என்றாள்.

ஊர், பேர் எதுவும் கேட்கவில்லை. நான் அதைப் பாதியில் விட்டுவிட்டேன் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“ஓரத்தைப் பாருங்க. முன்னாடி கொஞ்சம் அழுக்காயிருக்குது. அதுக்கு அக்கட்டால பூராவும் வெள்ளையா இருக்குதுங்க.”

நான் பி.காம். படித்தவள். ஒரு கொப்பரைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்துவிட்டு, நானாகவே புரோகிராமிங் கற்றுக்கொண்டு கம்பெனி வேலைக்குப் போய்விடலாம் என்று கிளம்பி வந்திருந்தேன். இருப்பதிலேயே பெரிய புத்தகமாகப் பார்த்து வாங்கியிருந்தேன். ஃபங்ஷன் என்கிற புரோகிராம் துண்டு தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் அத்தியாயம் ஒன்று வரும். அதில் நின்றுபோனது. எனக்கு மூளை போதாது என்று முடிவு கட்டியிருந்தேன். அதைச் சொன்னதும் அவள் தலையாட்டினாள்.

“அங்க நெறையப் பேரு விட்டுப்போடறாங்க. அது உங்க தப்பில்லீங்க. எழுதுன ஆளு அதைக் கொண்டாந்து அங்க வெச்சிருக்கக் கூடாது.”

பிறகு நான் என்ன வேலை பார்த்தேன், அதில் எனக்கு எது பிடித்தது, எப்போது கோபம் வரும் என்றெல்லாம் விசாரித்தாள். ஒருவர் தப்பாகக் கூட்டி எழுதியதை நான் ஒரு பார்வையில் பிடித்துவிடுவேன், அதற்காகவே கடையில் எனக்குப் பெயர் உண்டு என்றேன். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அதில் புரோகிராம் எழுதச் சொல்லித் தரவே இல்லை. சின்னச் சின்னதாகத் தப்பான புரோகிராம்களைக் கொடுத்து, எங்கே தப்பு என்று கேட்டிருந்தது.

“உங்களுக்குத் தப்புதானுங்க கண்ணுல படுது. அங்கிருந்து ஆரம்பிங்க. எழுதறது பொறகு தன்னால வரும்.”

வந்தது. மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்று ஒரு வேலை இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இன்றைக்கு வரை நான் சாப்பிடுவது அந்த வேலையில்தான்.

அவள் படித்தது தாவரவியல். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டேட்டா என்ட்ரி பார்த்துவிட்டு, அங்கிருந்தபடியே புத்தகம் புத்தகமாகப் படித்து, கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தாள். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற கம்பெனி. அதில் அவளுக்கு சப்போர்ட் வேலை. பில் வரவில்லை, பிரிண்டர் அசையவில்லை என்று கடைக்காரர்கள் போன் போட்டால் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். என்றைக்காவது மென்பொருள் எழுதுகிற பக்கத்துக்குப் போய்விட வேண்டும் என்பது அவள் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் முடிந்ததும் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் விடுதிப் பெண்கள் மட்டுமில்லை, பக்கத்து விடுதிகளிலிருந்தும் வருவார்கள். யாரும் அவளிடம் பாடம் கேட்கவில்லை. அவளும் சொல்லித் தருவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எதைப் படிக்கலாம் என்று கேட்பார்கள், அவள் சொல்வாள், அவ்வளவுதான். அந்தியூர்ப் பெண் ஒருத்தி இன்ஜினியரிங் முடித்தவள். இவள் அந்தப் பெண்ணிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு மாதம் எங்கள் அறைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, “அக்கா, எனக்கு விகிதமே புரியாம இருந்திருக்குதுங்க. அத்தனை வருஷம் படிச்சும் யாருமே சொல்லலீங்க” என்று அழுதாள். அவள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள்.

வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்லும் புத்தகங்களையும் அவள் விடாமல் படித்தாள். அவற்றின் மேல் அவளுக்குச் சந்தேகமும் உண்டு. “காலைல இருட்டோட எந்திரிச்சா ஜெயிச்சரலாம்னு எழுதறாங்கள்ல, அவங்க ஊட்டுல யாரு சோறாக்கறாங்கன்னு மொதல்ல பாக்கோணுமுங்க” என்பாள். முன்னுரையில் ஆசிரியர் தன்னைப் பற்றி நிறைய எழுதியிருந்தால் மூடி வைத்துவிடச் சொல்வாள். பயிற்சிக் கேள்விகள் இல்லாத பாடப்புத்தகத்தை வாங்காதீர்கள் என்பாள். புத்தகம் நம்மைத் திட்டவும் கூடாது, கைதட்டவும் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பாள்.

எந்தக் கஷ்டத்துக்கும் அதற்கென்று ஒரு புத்தகம் எங்கோ இருக்கிறது என்று அவள் நம்பினாள். விடுதியில் சமைக்கிற அம்மாவுக்கு மூட்டு வலி வந்தால் அதற்கொன்று. நிச்சயதார்த்தம் நின்றுபோன பெண்ணுக்கொன்று. எனக்கு அது சில சமயம் வேடிக்கையாக இருக்கும், சில சமயம் கொஞ்சம் பயமாக இருக்கும். யாராவது அழுதால் நாமெல்லாம் தோளைத் தொடுவோம். அவளுக்குக் கை புத்தக அலமாரிக்குத்தான் போகும்.

அவளுக்காக அவள் தேர்ந்தெடுத்த புத்தகங்கள் மட்டும் ஏனோ பலிக்கவில்லை. கம்பெனியில் உள்ளுக்குள்ளேயே பரீட்சை வைத்து சப்போர்ட்டிலிருந்து ஆள் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் எழுதினாள். எழுத்துப் பரீட்சையில் தேறிவிடுவாள். நேரில் உட்கார வைத்து, போர்டில் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். ஒரு முறை அப்படி நின்றபோது, அந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தில் அழகாக விளக்கியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். கேள்வி கேட்டவர் பொறுமையான மனிதர்.

“உங்களுக்கு வழி நெம்ப நல்லாத் தெரியுதுங்க. ஆனா நீங்க நடக்கோணுமில்லீங்களா?” என்றாராம்.

அதை அவளே வந்து என்னிடம் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது.

“அவரு சொன்னது சரிதானுங்க” என்றாள். “யாருக்கு எது வேணும்னு எனக்குத் தெரியுது. அது மட்டுந்தான் தெரியுது. அதுக்குன்னு ஒரு வேலை எந்தக் கம்பெனியிலயும் இல்லை.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சாப்பாட்டுக் கூடத்தில் அவளிடம் வழி கேட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராக வேலை கிடைத்து, விடுதியைக் காலி செய்துகொண்டு போனார்கள். போகும்போது இனிப்புக் கொடுப்பார்கள். அவள் மட்டும் அதே கட்டிலில் இருந்தாள்.

அவளுக்கு ஒரு தம்பி. ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் சேர்ந்து, அரியர் விழுந்து, அதை எழுதி எழுதி ஓய்ந்து, வீட்டோடு இருந்தான். ஆடுகளோடும் முருங்கைக் காட்டோடும் நாள் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் அதிகம் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா போனில் சொல்வார். அவள் உடனே புத்தகம் தேட ஆரம்பித்தாள். சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்குப் போய் கரூர் பஸ் கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்து அனுப்புவாள். வெள்ளகோவிலில் அவளுடைய அப்பா நின்று வாங்கிக்கொள்வார். முதலில் போனது புரோகிராமிங் புத்தகம். அதை அவன் படித்தான். இரண்டு பேரும் போனில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அப்போது அவள் குரலே உற்சாகமாக மாறியிருக்கும். பிறகு அவன் ஒரு இன்டர்வியூவுக்குப் போனான். டிகிரி முடிக்காதவனை உள்ளேயே விடவில்லை. அவள் தோல்வியிலிருந்து மீள்வது பற்றி ஒரு புத்தகம் அனுப்பினாள். பிறகு மனதை ஒருமுகப்படுத்துவது பற்றி ஒன்று. பிறகு இன்னொன்று.

ஒரு பொங்கல் விடுமுறையில் அவளோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். அப்பா மெயின் ரோட்டுக்கே மொபெட்டோடு வந்திருந்தார். அம்மா, “வா அம்மணி, கைகால் கழுவிக்கிட்டு வந்து உக்காரு” என்றார். தம்பிதான் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தான். ஒல்லியான, நல்ல முகம். ஆட்டுக்குட்டி ஒன்று என் துப்பட்டாவை மென்றதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். இவனையா பேசுவதில்லை என்றார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டிவிக்குப் பக்கத்து அலமாரியில் பார்சல்கள் சணல் கயிறு அவிழ்க்காமல் இருந்தன. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏன்டா, கடைசியா அனுப்புனதை எந்தப் பக்கத்துல விட்டே?”

“பிரிக்கவே இல்லக்கா.”

“ஏன்?”

என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு அவளிடம், “நீ கோவிச்சுக்க மாட்டேன்னா சொல்றேன்” என்றான்.

“சொல்லு.”

“நீ பார்சல் அனுப்பறப்பெல்லாம், நான் இன்னும் சரியாகலைன்னு நீ ஆள் உட்டுச் சொல்ற மாதிரி இருக்குதுக்கா. அப்பா போயி பஸ்ஸுக்கு நின்னு வாங்கிட்டு வாராரு. வழியில யாராச்சும் என்னுங்க பார்சல்னு கேட்டா, பையனுக்குப் புஸ்தகம்னு சொல்றாரு. அத்தனை பேருக்கும் தெரியுது.”

“உனக்கு நல்லதுக்குத்தான்டா அனுப்பறேன்.”

“தெரியுதுக்கா. அதுதான் கஷ்டமா இருக்குது.”

சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

திரும்பும்போது காங்கேயம் தாண்டி பல்லடம் வரை அவள் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். தம்பி சொன்னதை நினைத்து வருத்தப்படுகிறாள் என்றே எனக்குத் தோன்றியது. பல்லடத்தில் பஸ் நின்றபோது என் பக்கம் திரும்பினாள்.

“நான் குடுத்ததெல்லாம் அவனுக்குப் பெருசாப் போச்சுங்க. இன்னும் சின்னதா, அறிவுரையே இல்லாத மாதிரி ஒன்னு பாக்கோணும்.”

“ஏனுங்க, அவரு புஸ்தகமே வேண்டாம்னுதானுங்க சொன்னாரு.”

“அப்படிச் சொல்றவங்களுக்கும் ஒன்னு இருக்குமுங்க. நாமதான் தேடோணும்.”

இரண்டு மாதம் தேடினாள். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுக்க நானும் அவளோடு அலைந்தேன். கடைசியில் சின்னதாக ஒன்று கிடைத்தது. எழுதியவர் எதிலும் ஜெயித்தவர் இல்லை. தான் எப்படி நாட்களைக் கழித்தேன் என்று மட்டும் எழுதியிருந்தார். நான் படித்துப் பார்த்தேன், உண்மையிலேயே நல்ல புத்தகம். இத்தனை காலத்தில் தான் கண்டுபிடித்ததிலேயே இதுதான் சரியானது என்றாள். கரூர் பஸ்ஸில் அதுவும் போனது.

அவன் அதைப் பிரித்துப் படித்தான். அம்மா போனில் சொன்னபோது அவள் அறையில் நின்றுகொண்டே சாப்பிட்டாள், உட்கார மறந்துவிட்டாள். அடுத்த சில வாரங்களில், ஒரு காலைப் பொழுதில், தாராபுரம் வரை போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தம்பி வீட்டை விட்டுப் போனான். திரும்பி வரவில்லை. போன் அணைந்திருந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி பனியன் கம்பெனியாகப் போட்டோவைக் காட்டிக்கொண்டு நடந்தார். பாலக்காட்டில் ஒரு ஹோட்டலில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தால் அது வேறு பையன்.

அவன் கட்டிலில் அந்தப் புத்தகம் கிடந்தது. பாதிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பக்கத்தின் முனை மடங்கியிருந்தது. அவள் அதை விடுதிக்குக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒருவர் எங்கே விட்டார் என்று தெரிந்தால் அவருக்கு என்ன கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் அத்தனை பேருக்கும் சொன்னாள். ஒரு நாள் மாலை அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டினாள்.

“நீங்க ஒருக்காப் பாருங்க. இதுல என்ன இருக்குதுன்னு சொல்லுங்க.”

படித்தேன். எழுதியவர் மழைக்காலத்தில் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்ததைப் பற்றி எழுதியிருந்தார். துணி காயவில்லை என்று எழுதியிருந்தார். வேறொன்றும் இல்லை.

“இதுல ஒன்னுமே இல்லீங்க” என்றேன்.

“ஆமாங்க. எனக்கும் ஒன்னும் தெரியல.”

அதற்குப் பிறகும் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழக்கத்துக்காகச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். ஆனால் வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியாக வந்தவள் கல்லூரி முடித்த கையோடு வந்த ஒரு சின்னப் பெண். அவள் கேட்பதற்கு வரவில்லை, போகிற போக்கில் போனை நீட்டிக் காட்டினாள்.

“ஏஐ-கிட்டக் கேட்டேனுங்க்கா. என்னென்ன படிக்கோணும்னு பட்டுன்னு சொல்லிப்போட்டுது.”

இவள் போனை வாங்கி மெதுவாகப் பார்த்தாள்.

“நல்ல புஸ்தகங்கதான். ஆனா இது உங்களை ஒன்னுமே கேக்கலியே அம்மணி.”

“கேக்காததுதானுங்க்கா நல்லா இருக்குது” என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். இவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறையை விட்டு இறங்கவில்லை.

அவள் கம்பெனியிலும் அதையே கொண்டுவந்தார்கள். கடைக்காரர்கள் என்னென்ன கேட்பார்கள், அதற்கு என்னென்ன பதில் என்று சப்போர்ட் ஆட்களையே எழுதித் தரச் சொன்னார்கள். இவள் மற்றவர்களைவிடக் கவனமாக எழுதினாள். கோபமாகப் பேசுகிறவருக்கு எப்படி, வயதானவருக்கு எப்படி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு எப்படி என்று பிரித்து எழுதினாள். எல்லாம் உள்ளே ஏறியதும் சப்போர்ட் பிரிவை எடுத்துவிட்டார்கள். யாரும் முகம் கோணும்படி நடந்துகொள்ளவில்லை. பிரிவு உபசாரத்துக்கு கேக் வெட்டினார்கள். வேறு இடங்களில் விண்ணப்பித்தாள். எங்கும் அந்த வேலை இல்லாமல் போயிருந்தது. அப்பாவுக்கு நடக்க முடியாமல் ஆனதும் ஊருக்குப் போய்விட்டாள். புத்தகங்களை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போனாள். வார்டன் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்.

போன ஐப்பசியில் அவளைப் பார்க்கப் போனேன். பார்த்து நாளாயிற்று என்று போனில் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் எங்கள் கம்பெனியிலும் டெஸ்டிங் ஆட்களைப் பாதியாகக் குறைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவளைப் பார்த்தால் தேவலை என்று இருந்தது.

முருங்கைக் காட்டில் காயைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கறுத்திருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அம்மா உள்ளேயிருந்து எழுந்து வரவில்லை. அப்பா கட்டிலில் படுத்தபடி, “வா கண்ணு” என்றார், அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்து இருவரும் வாசலில் உட்கார்ந்தபோது கம்பெனி விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

“ஏனுங்க, எனக்கு இப்ப என்ன படிக்கறதுன்னு சொல்லுங்க.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த ஏஐ இப்போது என் வேலையில் எதையெல்லாம் செய்கிறது என்று கேட்டாள். எது அதற்குப் பிடிபடவில்லை என்று கேட்டாள். நான் எதைச் செய்யும்போது நேரம் போவது தெரிவதில்லை என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, அவள் முகத்தில் பழைய களை வந்தது. அதைப் பார்த்து எனக்கும் மனசு லேசானது. ஏதோ ஒன்றை எடுத்து நீட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

வெகுநேரம் யோசித்தாள்.

“தெரியலீங்க” என்றாள்.

கீழே கிடந்த முருங்கைக் காம்பு ஒன்றை எடுத்து ஒடித்தாள்.

“ஏதாச்சும் ஒரு பேரைச் சொல்லி உங்களை அனுப்பிப்போடலாம். நீங்களும் வாங்கிப் படிப்பீங்க. தெரியாமச் சொல்லக் கூடாதுங்க. தெரியாமயே நெறையச் சொல்லிப்போட்டனோ என்னமோ.”

அப்போது உள்ளே போன் அடித்தது. அவள் எழுந்து ஓடினாள். நடுவில் கிடந்த கூடை காலில் இடறியது, அதைப் பார்க்கக்கூட இல்லை. அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். அப்பா தலையைத் தூக்கினார்.

தெரியாத நம்பர். அவள் காதில் வைத்து, “சொல்லுங்க” என்றாள். வாசலில் இருந்த எனக்கே அந்தக் குரல் கேட்டது. சூலூர் பக்கம் வீட்டுமனைகள் விற்பனைக்கு இருப்பதாகப் பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அதை வைத்துவிடவில்லை. குரல் முழுவதும் பேசி முடித்து, அதன் பிறகு வந்த பாட்டும் ஓய்ந்து, இணைப்பு தானாகத் துண்டிக்கும் வரை காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

“யாரோ மனை விக்கறாங்க” என்றாள் அம்மாவிடம்.

அம்மா மறுபடி உட்கார்ந்தார். அவள் போனை சார்ஜரில் செருகி, ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. வாங்க, ரோடு வரைக்கும் நானும் வாரேன்.”